வியாழக்கிழமை சாயந்தரம் தம்புச் செட்டித் தெருவில் இன்டர்வியூ: என்னத்தைப் படிச்சுட்டுப் போக?

சங்கரன்கோவில் ஜூனியர் (திங்கள் இரவு)

எல்லாருக்கும் வணக்கம். நெல்லை அரசு சட்டக் கல்லூரியில அஞ்சு வருஷம் முடிச்சு, பார் கவுன்சில்ல பதிஞ்சு, ஆல் இந்தியா பார் பரீட்சையும் பாஸ் பண்ணிட்டேன். பதினாலு மாசமா சங்கரன்கோவில்ல ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா இருக்கேன். எங்க வீட்டுல எனக்கு முன்னாடி கோர்ட் படி ஏறுனது அப்பா மட்டும்தான். அதுவும் விசைத்தறிக் கடன் கேஸ்ல பிரதிவாதியா.

அண்ணனுக்கு அம்பத்தூர்ல வேலை, அம்மாவும் அங்க போயாச்சு. நானும் சென்னைக்கு வரணும்னு முடிவு. தெரிஞ்சவங்க மூலமா தம்புச் செட்டித் தெருவுல ஒரு சின்ன ஆபீஸ்ல சொல்லி வச்சாங்க. நாலு வக்கீல், ஒரு குமாஸ்தா, ஒரு டைப்பிஸ்ட். சிவில், செக் கேஸ், பேங்குக்கு லீகல் ஒப்பீனியன், இவ்வளவுதான் தெரியும். போன் பேசுனது நாப்பது செகண்ட் இருக்கும். "வியாழக்கிழமை ஆறு மணிக்கு வாங்கம்மா, பயோடேட்டா ஒரு காப்பி போதும்"னு வச்சுட்டார்.

நெட்ல தேடினா எல்லாம் பெரிய கம்பெனிக்குப் போறவங்களுக்கான பாடமா இருக்கு. "இன்னும் அஞ்சு வருஷத்துல எங்க இருப்பீங்க"ன்னு கேட்டா எப்படிச் சிரிக்கணும்ங்கிற வரைக்கும் சொல்றாங்க. எனக்கு வேண்டியது வேற. நியாய சன்ஹிதா (புதுத் தண்டனைச் சட்டம்) பிரிவு நம்பர் எல்லாம் மனப்பாடமாத் தெரியணுமா? இங்கிலீஷ் எழுத வரும், பேசத் தடுமாறுவேன். பழைய சீனியரை ஏன் விட்டுட்டு வர்றேன்னு கேட்டா என்ன சொல்ல? (உண்மை என்னன்னா, பதினாலு மாசத்துல சனிக்கிழமை சனிக்கிழமை 200 ரூபா பஸ் காசு, அவ்வளவுதான்.) சம்பளம் நானா கேட்கலாமா? கடைசியா, நான் எழுதுன பிராது (வழக்கைத் தொடங்கற மனு) ரெண்டு மூணு கைவசம் இருக்கு. அதைக் கொண்டுபோய்க் காட்டலாமா?


வாய்தா ராஜா

358 பிரிவு நியாய சன்ஹிதா, 531 பிரிவு நாகரிக் சுரக்‌ஷா (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்), 170 பிரிவு சாட்சியச் சட்டம், மூணையும் ஒரு புரட்டு புரட்டிடுங்க. கோட்டு, வெள்ளைக் கழுத்துப் பேண்டு எல்லாம் போட்டு ஜம்முனு போங்க. முதல் பார்வையிலயே வக்கீல்னு தெரியணும். வாழ்த்துகள்.


பழைய கட்டு

மேல சொன்ன தம்பி கோவிச்சுக்கக் கூடாது. மூணு நாள்ல ஆயிரத்துச் சொச்சம் பிரிவைப் புரட்டினா வியாழக்கிழமை காய்ச்சல்தான் வரும். பேண்டும் கவுனும் கோர்ட்டுக்கு வெளியே பொது இடத்துல போடக்கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு. வெள்ளைச் சுடிதாரோ சாதாரணப் புடவையோ போதும். கோட்டைக் கையில மடிச்சு வச்சுக்கிட்டா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்லை.

நான் பாரிமுனையில 23 வருஷம். எங்கிட்ட மூணு ஜூனியர் இருக்காங்க, எடுத்தது நான்தான், அனுப்பினவங்களும் உண்டு. நீங்க போற ஆபீஸ் எதுன்னு தெரியாது. நான் ஆள் எடுக்கறப்ப என் மனசுல என்ன ஓடும்னு மட்டும் சொல்றேன்.

காலையில பத்தரைக்கு எனக்கு ஹைகோர்ட்ல ஒரு கேஸ், அதே நேரம் சிட்டி சிவில்ல ஒண்ணு, சைதாப்பேட்டையில ஒண்ணு. ஒரு கேஸ் கட்டை உங்க கையில குடுத்து சைதாப்பேட்டைக்கு அனுப்பிட்டு நான் நிம்மதியா நிக்க முடியுமா? அந்த அரை மணி நேரத்துல நான் தேடற பதில் அது ஒண்ணுதான்.

அதனால படிக்கறதை விட்டுட்டு, நீங்களே கையாண்ட ஒரே ஒரு கேஸை எடுங்க. கட்சிக்காரர் (நம்மகிட்ட கேஸ் குடுக்கறவர்) முதல் நாள் வந்து என்ன சொன்னார், எந்தத் தேதியில பிராது போட்டீங்க, கோர்ட்ல கேஸ் நம்பர் ஆகறதுக்கு முன்னாடி என்ன குறைன்னு ரிட்டர்ன் ஆச்சு, என்ன சரி பண்ணி மறுபடி போட்டீங்க, இப்ப எந்தக் கட்டத்துல நிக்குது, அடுத்த வாய்தா எதுக்கு. இதை அஞ்சு நிமிஷத்துல, பேப்பர் பாக்காம, தேதிவாரியா உங்க அண்ணன்கிட்ட சொல்லிப் பாருங்க. அவருக்குப் புரிஞ்சா சீனியருக்கும் புரியும். நாலு வருஷம் முன்னாடி ஒரு பையன் வந்தான். மூட் கோர்ட்ல (மாணவர்களோட மாதிரிக் கோர்ட் போட்டி) வாங்கின கோப்பை படத்தோட பயோடேட்டா. "நீ கடைசியா போன கேஸ் அடுத்து எதுக்குப் போட்டிருக்கு?"ன்னு கேட்டேன். "சார், அது சீனியர் டைரியில இருக்கும்"னான். எனக்கு அதுக்கு மேல கேள்வியே வரலை.

ரெண்டாவது, நாள் கணக்கு. செக் கேஸ் ஆபீஸ்னா இது கண்டிப்பா வரும். செக் திரும்பின தகவல் பேங்க்ல இருந்து கிடைச்சு 30 நாளுக்குள்ள நோட்டீஸ். நோட்டீஸ் எதிராளி கைக்குப் போனதுல இருந்து 15 நாள் அவனுக்கு டயம். அது முடிஞ்ச பிறகு ஒரு மாசத்துக்குள்ள புகார். அங்க மறுபடியும் "30 நாள்"னு சொல்லிடாதீங்க, சட்டத்துல ஒரு மாசம்னுதான் இருக்கு. அந்த ஒரு நாள் வித்தியாசத்துல போன கேஸ் உண்டு. எங்க போடறதுன்னு கேட்டா, 2015 திருத்தத்துக்கு அப்புறம் செக்கைக் கணக்குல போட்டவரோட பேங்க் கிளை எங்க இருக்கோ அந்த எல்லைக் கோர்ட். நோட்டீஸ் ஒண்ணு எழுதுன்னு உக்கார வச்சாலும் வைப்பாங்க. செக் தொகையைத் தனியா, தெளிவாக் கேளுங்க. வட்டி, நோட்டீஸ் செலவு எல்லாத்தையும் ஒரே கூட்டுத் தொகையாக் கலந்து கேட்கறதுதான் புதுசா எழுதறவங்க பண்ற தப்பு.

நான் வழக்கமாக் கேட்கற ஒண்ணு சொல்லவா? 2020 ஜூன் 10ஆம் தேதி புரோநோட்டு, வரவு ஒண்ணும் இல்லை, எப்ப வரைக்கும் தாவா (பணம் கேட்டு வழக்கு) போடலாம்? பத்துக்கு ஒன்பது பேர் மூணு வருஷத்தைக் கூட்டி 2023 ஜூன்ம்பாங்க. கொரோனாவுக்காக 2020 மார்ச் 15ல இருந்து 2022 பிப்ரவரி 28 வரைக்கும் காலவரையறைக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது ஞாபகம் வர்றதில்லை. 2022 மார்ச் 1ல இருந்து மூணு வருஷம் எண்ணினா, சரியான பதில் 2025 பிப்ரவரி கடைசி. தப்பாச் சொன்னாலும் பரவாயில்லை. "ஒரு நிமிஷம் சார், எழுதிக் கூட்டிப் பாக்கறேன்"னு பேனாவைத் தேடற பிள்ளையை எனக்குப் பிடிக்கும்.

புதுச் சட்ட நம்பர் பத்திப் பயப்படாதீங்க. சிவில் ஆபீஸ்ல அதிகம் வராது. ஒரு விஷயம் மட்டும் உஷார்: குற்ற வழக்கு நடைமுறைச் சட்டத்துல பழைய 482ன்னா எஃப்.ஐ.ஆர். ரத்து, புது 482ன்னா முன்ஜாமீன். ரத்து மனு 528க்குப் போயிடுச்சு. பேச்சுல 482ன்னு வந்தா "எந்த 482 சார்?"னு கேட்டுடுங்க, மானம் தப்பும்.

பிராது காட்டலாமான்னா, அப்படியே காட்டாதீங்க. கட்சிக்காரர் வக்கீல்கிட்ட சொன்னது ரகசியம், சாட்சியச் சட்டம் 132 அதைத்தான் சொல்லுது. பேர், ஊர், சர்வே நம்பர், தொகை எல்லாம் கறுப்பு மையால அடிச்சு ஒண்ணே ஒண்ணு கொண்டுபோங்க. அடிச்சுக் கொண்டு வந்ததைப் பாத்தாலே பாதி மார்க் குடுப்பேன். பழைய ஊர்க் கேஸை அப்படியே விரிச்சுக் காட்டற ஜூனியர், நாளைக்கு என் கேஸை எங்க விரிப்பாளோன்னு தோணும்ல?


சங்கரன்கோவில் ஜூனியர்

சார், ரொம்ப நன்றி. கொரோனா கணக்குல நானும் 2023ன்னுதான் நினைச்சேன்! அந்த ஆபீஸ் எந்த மாதிரி கேஸ் பண்றாங்கன்னு முன்கூட்டித் தெரிஞ்சுக்க வழி இருக்கா? அப்புறம் இங்கிலீஷ்?


பழைய கட்டு

வழி உங்க போன்லயே இருக்கு. இ-கோர்ட்ஸ் தளத்துல வக்கீல் பேர் போட்டுத் தேடற வசதி உண்டு. உங்களைக் கூப்பிட்டவர் பேரைப் போடுங்க. சொத்து வழக்கு எத்தனை, வாடகைக் கேஸ் எத்தனை, எந்தக் கோர்ட்ல அதிகம் நிக்கறார்னு அரை மணியில ஒரு கணக்கு வந்துடும். அங்க போய் "உங்க கேஸ் லிஸ்ட் பாத்தேன்"னு ஒப்பிக்க வேண்டாம், நீங்க தயாராகறதுக்கு மட்டும்.

கூடவே ஊர் வித்தியாசத்தையும் தெரிஞ்சுக்குங்க. சென்னையில ஒரு கோடி வரைக்கும் சிட்டி சிவில் கோர்ட், அதுக்கு மேல ஹைகோர்ட்லயே அசல் வழக்கு. வழக்கு நம்பர்ல நீங்க ஓ.எஸ்.னு பழகினது ஹைகோர்ட்ல சி.எஸ். ஆயிடும். நிலம் சென்ட்ல பேசாது, கிரவுண்டு. 2,400 சதுர அடி, உங்க கணக்குல அஞ்சரை சென்ட்.

இங்கிலீஷ்: பேச்சு ஆறு மாசத்துல வரும். உங்ககிட்ட இருக்கற சரக்கு எதுன்னு உங்களுக்கே தெரியலை. ஹைகோர்ட்டுக்குப் போற டைப்டு செட்ல (ஆவணங்களைத் தட்டச்சு செஞ்சு கட்டின தொகுப்பு) தமிழ்ப் பத்திரத்துக்கெல்லாம் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வைக்கணும். "நாளது தேதியில் மேற்படி சொத்தைச் சர்வ சுதந்திர பாத்தியமாய்"னு நாலு பக்கத்துக்கு முற்றுப்புள்ளியே இல்லாம ஓடற பழைய கிரயப் பத்திரத்தைப் படிச்சு, யார் யாருக்கு எதை எழுதிக் குடுத்தாங்கன்னு சொல்ல, சென்னையில வளர்ந்த பிள்ளைகளுக்குத் திணறும். முன்சீப் கோர்ட்ல பதினாலு மாசம் அதையே பாத்த உங்களுக்கு அது வரும். அதைச் சொல்லுங்க.


ஆர்மேனியன் தெரு குமாஸ்தா

மேடம், வக்கீலுங்க சொல்றதெல்லாம் சரி. நான் முப்பது வருஷமா கட்டு தூக்கறவன், எங்க பக்கத்துல இருந்து நாலு வார்த்தை.

மொத விஷயம், அந்தத் தெருவுல கட்டிடம் கண்டுபிடிக்கறது பெரிய பாடு. பழைய நம்பர், புது நம்பர் ரெண்டும் இருக்கும். காளிகாம்பாள் கோயிலுக்கு முன்னாடியா பின்னாடியான்னு போன்ல கேட்டு வச்சுக்குங்க. கீழ பாத்திரக் கடையோ ஸ்டேஷனரி கடையோ இருக்கும், நடுவுல ஆள் ஒருத்தர் போற அளவுக்குப் படிக்கட்டு, லிஃப்ட்டுன்னு நெனைக்காதீங்க. பீச் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே வரலாம். ஆட்டோ ஏறினா ஆறு மணி டிராஃபிக்ல நின்னுடுவீங்க.

ரெண்டாவது, அஞ்சே முக்காலுக்கே போயிடுங்க. சார் கோர்ட்ல இருந்து வந்து டீ குடிச்சுட்டு இருப்பாரு. வெளிய பெஞ்சுல உக்கார வைப்பாங்க. அங்க இருக்கற குமாஸ்தாவுக்கு ஒரு வணக்கம் வச்சுடுங்க. நீங்க உள்ள போய்ட்டு வந்தப்புறம் "பொண்ணு எப்படி?"ன்னு சார் கேக்கப் போறது எங்களை மாதிரி குமாஸ்தாகிட்டத்தான். எங்க ஆபீஸ்ல ஒரு தடவை ஒரு தம்பி என்கிட்ட "தண்ணி கொண்டா"ன்னுச்சு. கொண்டாந்து குடுத்தேன். சாருகிட்டயும் சொன்னேன்.

ஃபைலிங் பத்திக் கேப்பாங்க. இ-ஃபைலிங் உங்க கையாலயே பண்ணிருந்தா அதைச் சொல்லுங்க, பெரிய வக்கீலுங்க பல பேருக்கு அது வராது, எங்க தலையிலதான் விழுது. நகல் மனு எப்படிப் போடறது, கோர்ட் ஃபீ எப்படிக் கட்டறது, இதெல்லாம் ஜூனியருக்குத் தெரிஞ்சா எங்களுக்குப் பாரம் பாதி. நோட்டீஸை ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன்னு பழைய ஞாபகத்துல சொல்லிடாதீங்க, 2025 செப்டம்பர்ல இருந்து அது ஸ்பீட் போஸ்ட்டோட சேந்துடுச்சு.


எழும்பூர் அக்கா

தங்கச்சி, யாரும் பணத்தைப் பத்திப் பேசலை, நான் பேசறேன். 2024 ஜூன்ல சென்னை ஹைகோர்ட் ஒரு உத்தரவு போட்டுச்சு: ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில மாசம் 20,000, மத்த ஊர்கள்ல 15,000, இதுக்குக் குறையாம குடுக்கணும்னு. அதே வருஷம் இந்திய பார் கவுன்சிலும் ஒரு சுற்றறிக்கை விட்டது, ஆனா அது பரிந்துரை மாதிரிதான். நிஜத்துல சின்ன ஆபீஸ்ல அந்தத் தொகை வர்றது அபூர்வம். ஆனா அந்த உத்தரவு இருக்குன்னு தெரிஞ்சுட்டுப் போறவளுக்கும் தெரியாமப் போறவளுக்கும் குரல்ல வித்தியாசம் இருக்கும். அவர் பேச்சை எடுக்காட்டி, கிளம்பறதுக்கு முன்னாடி நீயே கேளு: "சார், மாசம் எவ்வளவு, எந்தத் தேதியில?" தேதி முக்கியம். "பாத்துக் குடுக்கறேன்மா"ங்கிறது பதில் இல்லை. நான் ஒரு இடத்துல ரெண்டு வருஷம் அந்தப் பதிலை நம்பி இருந்தேன்.

பழைய சீனியர் பத்திக் கேட்டா "குடும்பம் சென்னைக்கு வந்துடுச்சு, சார்கிட்ட சொல்லிட்டுத்தான் வர்றேன்". ஒரே வரி. 200 ரூபாக் கதையைத் திறக்காதே. வக்கீலுங்க உலகம் சின்னது, உன் ஊர்க்காரர் யாராவது அவருக்கு பேட்ச்மேட்டா இருப்பார்.

கல்யாணம் எப்பன்னு கேட்பாங்க. கேட்கக் கூடாதுதான், கேட்பாங்க. நான் "இப்போதைக்கு வேலையைத்தான் பாக்கறேன் சார்"னு சொல்லிட்டு உடனே வேலையைப் பத்தி ஒரு கேள்வி திருப்பிக் கேட்பேன். நீ கேட்க வேண்டிய கேள்வியும் இருக்கு: சாயந்தரம் எத்தனை மணிக்கு விடுவாங்க, வேற பெண் வக்கீல் யாராவது இருக்காங்களா, பாத்ரூம் எங்க. கடைசிக் கேள்வியை வெட்கப்படாமக் கேளு, அந்தப் பழைய கட்டிடங்கள்ல மூணாவது மாடிக்கு ஒண்ணுதான் இருக்கும், சாவி யார்கிட்டயோ இருக்கும். பத்துப் பேருக்குக் குறைவா வேலை பாக்கற இடத்துல பாலியல் தொல்லைக்கான உள் புகார்க் குழு வைக்கணும்னு கட்டாயம் இல்லை. அப்படி இடத்துல ஏதாவது ஒண்ணுன்னா மாவட்ட அளவுல உள்ளூர்க் குழு இருக்கு, அதுல குடுக்கலாம். பயமுறுத்தச் சொல்லலை, தெரிஞ்சு வச்சுக்க.


சங்கரன்கோவில் ஜூனியர் (வியாழன் இரவு)

இப்பத்தான் அம்பத்தூர் வந்து சேர்ந்தேன். சாப்பிடக்கூட இல்லை, முதல்ல இங்க எழுதறேன்.

பாத்திரக் கடைக்கும் காலண்டர் கடைக்கும் நடுவுல படி. ரெண்டு தடவை தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். குமாஸ்தா அண்ணனுக்கு வணக்கம் சொன்னேன், அவர் எழுந்து ஃபேனை என் பக்கம் திருப்பி விட்டார்.

சாருக்கு அறுபது வயசு இருக்கும். பயோடேட்டாவைப் பாக்கவே இல்லை, அதுக்கு மேல டீ கிளாஸை வச்சார். "உன் கேஸ் ஒண்ணு சொல்லும்மா"ன்னார். எங்க ஊர்ப் பாதைத் தகராறு ஒண்ணைச் சொன்னேன், எதிராளி வர்றதுக்கு முன்னாடியே தடை உத்தரவு (எக்ஸ்பார்ட்டி இஞ்சங்ஷன்) வாங்கின கேஸ். நடுவுலயே நிறுத்தி, "எக்ஸ்பார்ட்டி இஞ்சங்ஷன் கிடைச்ச அன்னைக்கு சாயந்தரம் என்ன பண்ணின?"ன்னார். "தபாலாபீஸ் அஞ்சு மணிக்கு மூடிருவாங்கன்னு ஓடிப்போய் உத்தரவு, மனு, பிராது நகல் எல்லாம் எதிராளிக்கு அனுப்பினேன் சார், மறுநாள் காலையில அதுக்கு அஃபிடவிட் போட்டேன்"னேன். ஆர்டர் 39 ரூல் 3ன்னு (அப்படி அனுப்பியே ஆகணும்ங்கிற விதி) நான் சொல்லவே இல்லை, அவரே சொல்லிக்கிட்டார். அப்பத்தான் முதல் தடவையா நிமிந்து பாத்தார்.

அதுக்கப்புறம் ஒரு பேங்க் ஃபைல் குடுத்து, பக்கத்து ரூம்ல உக்காந்து படிச்சுட்டு என்ன குறையுதுன்னு எழுதுன்னார். மாதவரத்துல ஒரு கிரவுண்டு மனை. 1994ல ஒருத்தர் கிரயம் வாங்கியிருக்கார். 2011ல உயில் எழுதாம இறந்துட்டார், இறப்புச் சான்று இருக்கு. 2015ல அவர் மனைவியும் ரெண்டு மகன்களும் சேர்ந்து வித்திருக்காங்க. வாங்கினவர் இப்ப லோன் கேட்கறார். வில்லங்கச் சான்று சுத்தமா இருக்கு. வாரிசுச் சான்று மட்டும் ஃபைல்ல இல்லை. "வாரிசுச் சான்று வேணும், மகள்கள் உண்டான்னு தெரியணும், மூலப்பத்திரம் அசல் யார்கிட்ட"ன்னு எழுதிக் குடுத்தேன். சார் மேஜை டிராயரைத் திறந்து வாரிசுச் சான்றை எடுத்தார். வேணும்னே உருவி வச்சிருக்கார்! ஒரு மகள் இருக்கு, 2015 பத்திரத்துல கையெழுத்து இல்லை. எனக்கு உள்ளுக்குள்ள துள்ளல்.

"வேற?"ன்னார். வேற ஒண்ணும் இல்லை சார்னேன். இறப்புச் சான்றை என் பக்கம் திருப்பி வயசு மேல விரலை வச்சார். 48. "நாப்பத்தெட்டு வயசுல செத்தவனுக்கு அம்மா இருந்திருக்க மாட்டாளா? தாயும் முதல் வகுப்பு வாரிசுதானே? அப்ப உயிரோட இருந்தாளான்னு ஏன் கேட்கலை?"ன்னார். எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. பரீட்சையில எத்தனை தடவை எழுதியிருப்பேன், மகன், மகள், விதவை, தாய்னு! "விட்டுட்டேன் சார், வாரிசுச் சான்றுல இருக்கறதோட நின்னுட்டேன்"னு சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லலை, டீயைக் குடிச்சு முடிச்சார்.

இங்கிலீஷ்ல ஒரு கேள்விகூட கேட்கலை. கல்யாணம் பத்தி அவர் கேட்கலை, டைப்பிஸ்ட் அக்கா கேட்டாங்க. பாத்ரூம் அதே மாடியில இருக்கு, சாவி ஆணியில தொங்குது. பெண் வக்கீல் ஒருத்தர் இருக்காங்க, ஏழரைக்குக் கிளம்பிடுவாங்களாம்.

சம்பளம் நானே கேட்டேன். குரல் நடுங்குச்சு, ஆனா கேட்டேன். "மூணு மாசம் பன்னெண்டாயிரம், அப்புறம் பேசலாம். அஞ்சாம் தேதி"ன்னார். அந்த 20,000 உத்தரவு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, சொல்லலை. மூணு மாசம் கழிச்சு சொல்லுவேன்னு நினைக்கிறேன். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கார். முதல் வேலை அந்த மாதவரம் ஃபைல்தான், ஒப்பீனியனை நானே எழுதணுமாம்.


எழும்பூர் அக்கா

அஞ்சாம் தேதின்னு சொல்ல வச்சிட்டியே, அது போதும் இப்போதைக்கு. போய்ச் சாப்பிடு.


ஆர்மேனியன் தெரு குமாஸ்தா

வாழ்த்துகள் மேடம். பொண்டாட்டி, புள்ள, பொண்ணு எல்லாரையும் தேடிட்டு அந்தப் பொண்டாட்டியோட மாமியாரை விட்டுட்டீங்களே!